எண்டரைத் தட்டினால் எந்தப் பொத்தான் அழுந்தும்?

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல, வடசென்னையின் கடைகளிலும் அலுவலகங்களிலும் நாள் முழுவதும் இணையப் படிவங்களில் பதிவு செய்பவர்கள் அனுப்பியவை. கேட்டவர்கள் வேறு வேறாக இருந்தாலும் தொல்லை ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாசகர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை:

எம்.சி. ரோட்டில் உள்ள எங்கள் ஜவுளிக் கடைக்கு, பிரவுசரில் திறந்து பில் போடும் பக்கம் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். சரக்குகளை மவுஸால் ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகு, கடைசியில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை அடித்து எண்டரைத் தட்டினால், பில்லின் முதல் வரியில் இருக்கும் சரக்கு காணாமல் போகிறது. எத்தனை வரி இருந்தாலும் போவது முதல் வரிதான். பக்கம் மறுபடி ஏறுவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. பொறுக்க முடியாமல், பக்கம் முழுவதும் எண்டர் விசை வேலை செய்யாதபடி ஸ்கிரிப்ட் எழுதித் தடுத்துவிட்டேன். இப்போது முகவரிப் பெட்டியில் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை என்றும், டேப் விசையால் 'சேமி' பொத்தானுக்கு வந்து எண்டர் தட்டினாலும் அசையவில்லை என்றும் கடைப் பையன்கள் குறைப்படுகிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்:

'போவது முதல் வரிதான்' என்று கவனித்து எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. படிவத்தின் ஒற்றை வரிப் பெட்டி ஒன்றில் கர்சர் இருக்கும்போது எண்டர் தட்டப்பட்டால், பிரவுசர் அந்தப் படிவத்தின் இயல்புப் பொத்தானைத் தேடிப் பிடித்து, அதை மவுஸால் சொடுக்கியது போலவே இயக்குகிறது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதிப்படி இயல்புப் பொத்தான் என்பது, நிரல் எழுதப்பட்ட வரிசையில் அந்தப் படிவத்துக்கு உரிய முதல் சப்மிட் பொத்தான், அதாவது படிவத்தை அனுப்பும் வகைப் பொத்தான். கர்சருக்குப் பக்கத்தில் இருப்பதா, திரையில் பெரிதாகத் தெரிவதா, நீல நிறத்தில் இருப்பதா என்றெல்லாம் பிரவுசர் பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சரக்கு வரியின் ஓரத்திலும் 'நீக்கு' என்ற சிறு பொத்தான் இருக்கும் என்றும், சரக்குப் பட்டியல் கைபேசி எண் பெட்டிக்கும் 'சேமி' பொத்தானுக்கும் மேலே இருக்கும் என்றும் நினைக்கிறேன். அப்படியானால் நிரலில் முதலில் வரும் பொத்தான் முதல் வரியின் 'நீக்கு'தான். எண்டர் தட்டியதும் அது அழுந்துகிறது.

'நீக்கு' எப்படிச் சப்மிட் பொத்தான் ஆனது என்று கேட்பீர்கள். பட்டன் என்ற குறிச்சொல்லை எழுதி, டைப் என்ற பண்பைக் கொடுக்காமல் விட்டால், அதன் வகை சப்மிட் என்றே எடுத்துக்கொள்ளப்படும். மவுஸால் சொடுக்கும்போது இது வெளியே தெரியாது. சொடுக்கிய வரி அழிகிறது, நாம் விரும்பியதும் அதுதான். பக்கம் மறுபடி ஏறாததற்கும் காரணம் உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் வரியை அழிக்கும்போது அந்த வரிக்குள் இருந்த பொத்தானும் படிவத்தை விட்டு நீங்கிவிடுகிறது. எந்தப் படிவத்துக்கும் சொந்தமில்லாத பொத்தானால் எதையும் அனுப்ப முடியாது. ஆகவே சரக்கு மட்டும் சத்தமில்லாமல் போய், மொத்தத் தொகை குறைந்து நிற்கிறது. கடையில் பணம் இழப்பு ஏற்படுத்தும் பிழை இது என்பதால் இன்றே சரிசெய்யுங்கள்.

நிரலில் பட்டன் என்று எழுதிய இடங்களையெல்லாம் தேடி எடுங்கள். படிவத்தை அனுப்பும் ஒரே ஒரு பொத்தானுக்கு டைப் பண்பில் சப்மிட் என்றும், மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது நீக்கு, சேர், தேடு, நாட்காட்டியைத் திற என்று எது இருந்தாலும், டைப் பண்பில் பட்டன் என்றும் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் வழியாகப் புதிதாக உருவாகும் வரிகளில் உள்ள பொத்தான்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அவைதான். இன்புட் குறிச்சொல்லில் டைப் பண்புக்கு இமேஜ் என்று கொடுத்துச் சின்னப் படங்களைப் பொத்தானாக வைத்திருந்தால், அதுவும் சப்மிட் வகையே, அதையும் மாற்றுங்கள்.

அதன் பிறகு, எண்டரைத் தடுக்கும் ஸ்கிரிப்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தவறு பொத்தானில் இருக்கும்போது விசையைத் தண்டிப்பதில் பொருளில்லை. பல வரி எழுதும் பெட்டியில் எண்டர் புதிய வரியைத் தர வேண்டும். கர்சர் ஒரு பொத்தான் மேல் இருந்தால் அந்தப் பொத்தானை எண்டர் இயக்க வேண்டும். இணைப்பின் மேல் இருந்தால் அதைத் திறக்க வேண்டும். பார்வையற்றோர் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்களைக் கொண்டு பக்கத்தைக் கேட்டபடி விசைப்பலகையால் மட்டுமே வேலை செய்கிறார்கள். கையில் வலி உள்ளவர்கள் மவுஸைத் தவிர்க்கிறார்கள். விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்ய முடிய வேண்டும் என்பது இணைய அணுகுதன்மை நெறிகளில் 2.1.1 என்ற எண்ணுடைய அடிப்படை விதி. பக்கம் முழுவதும் எண்டரை அடைத்தால் இவர்கள் எல்லோருக்கும் கதவை மூடியதாகிறது. அணுகுதன்மை நெறிகளைக் கேள்விப்படாத உங்கள் கடைப் பையன்களும் உங்களிடம் முறையிடுவது இதைத்தான்.

சரிசெய்த பின் கைபேசி எண் பெட்டியில் எண்டர் தட்டினால் 'சேமி' அழுந்தும். அதுவே உங்கள் விருப்பமா என்று ஒருமுறை யோசியுங்கள். பில் உடனே பதிவாகிவிடக் கூடாது என்றால், அந்தப் பொத்தானைச் 'சரிபார்' என்று மாற்றி, மொத்தத் தொகையோடு பில்லைக் காட்டும் பக்கத்துக்கு அனுப்பி, அங்கே சேமிக்க வையுங்கள். பணமும் சட்டமும் சார்ந்த பதிவுகளில் திரும்பப் பெறவோ, சரிபார்த்துத் திருத்தவோ, உறுதிசெய்யவோ வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதே நெறிகளின் 3.3.4. 'நிச்சயமா?' என்று கேட்கும் பிரவுசரின் சிறு பெட்டியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதில் சரி என்ற பொத்தான்தான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். வேகமாக இரண்டு முறை எண்டர் தட்டுபவர் அதைப் படிக்காமலே கடந்துவிடுவார். நீக்கிய வரியைச் சாம்பல் நிறத்தில் கோடிட்டுக் காட்டி, பக்கத்தில் 'மீட்டெடு' என்று ஒரு பொத்தான் வைத்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு.

இன்னொன்று. பலர் 'ரத்து' பொத்தானை நிரலில் முதலில் எழுதிவிட்டு, அலங்கார நிரலால் (சிஎஸ்எஸ்) அதைத் திரையின் வலப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். திரையில் எங்கே தள்ளினாலும் பிரவுசர் பார்ப்பது நிரலின் வரிசையை மட்டுமே.

வாசகர், மணலி:

கண்டெய்னர் லாரிகளின் வருகையைப் பதிவு செய்ய எங்கள் டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் ஓர் இணையப் படிவம் வைத்திருக்கிறோம். பதிவு செய்பவர்கள் எல்லோரும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர்கள். அதில் எண்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். கடைசியில்தான் ஏற்கலாமா என்று கேட்கும். அதே பழக்கத்தில் இங்கே கண்டெய்னர் எண்ணை அடித்து எண்டர் தட்டுவதால், லாரி எண்ணும் ஓட்டுநர் விவரமும் இல்லாத அரைகுறைப் பதிவுகள் குவிகின்றன. எண்டரை அடுத்த பெட்டிக்குப் போகும்படி மாற்றலாமா?

பதில்:

மாற்றலாம், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரைகுறைப் பதிவு உள்ளே போவது எண்டரால் மட்டும் நேர்வதில்லை. காலிப் பெட்டிகளோடு வரும் படிவத்தை உங்கள் சர்வர் ஏற்றுக்கொள்வதாலும்தான். முதலில் அங்கே தடுப்பு வையுங்கள். பிறகு படிவத்தில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய பெட்டிகளுக்கு ரிக்வயர்ட் என்ற பண்பைச் சேருங்கள். இதனால் கிடைக்கும் பயன் பலருக்குத் தெரியாது. கண்டெய்னர் எண்ணை அடித்துவிட்டு எண்டர் தட்டினால், பிரவுசர் அனுப்ப முயன்று, காலியாக இருக்கும் முதல் கட்டாயப் பெட்டியில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தும். அடுத்ததை நிரப்பி எண்டர் தட்டினால் அதற்கடுத்த காலிப் பெட்டிக்குப் போகும். எல்லாம் நிறைந்த பிறகுதான் படிவம் போகும். உங்கள் ஊழியர்கள் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ இதுதான். விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்ற பெட்டிகளை மட்டும் அது தாண்டிச் சென்றுவிடும்.

கண்டெய்னர் எண்ணுக்கென்று ஓர் அமைப்பு இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்: 4 எழுத்துகள், பின் 7 இலக்கங்கள், அவற்றில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது. பேட்டர்ன் என்ற பண்பில் எழுத்து, இலக்க எண்ணிக்கையைக் குறித்துவிட்டால், பாதி அடித்த எண்ணோடு படிவம் நகராது. கடைசி இலக்கத்தைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பதைச் சர்வரில் செய்யுங்கள்.

இதற்கு மேலும் டாலி போலவே வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் எழுதலாம். உங்கள் அலுவலகத்துக்குள், பழகிய ஆட்கள் மட்டுமே பயன்படுத்தும் பக்கம் என்பதால் நான் மறுக்க மாட்டேன். பொதுமக்கள் நிரப்பும் படிவத்தில் இதைச் செய்யவே கூடாது. கீடவுன் நிகழ்வில், அதாவது விசை அழுத்தப்படும் கணத்தில், கர்சர் ஒற்றை வரிப் பெட்டியில் இருக்கும்போது மட்டும் எண்டரின் இயல்பு வேலையைத் தடுத்து, அடுத்த பெட்டிக்குக் கர்சரை நகர்த்துங்கள். பல வரிப் பெட்டியையும் பொத்தான்களையும் தொடாதீர்கள். கடைசிப் பெட்டியிலிருந்து 'சேமி' பொத்தானுக்கு நகர்த்தி நிறுத்துங்கள். அங்கே இன்னொரு எண்டர் தட்டுவது, டாலி கேட்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு ஈடாக இருக்கும். டேப் விசை வழக்கம்போல் வேலை செய்யட்டும்.

எண்டர் தட்டினால் படிவம் போவது எவரோ ஒரு நிறுவனம் புகுத்திய வழக்கம் என்று உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 ஆவணமே, படிவத்தில் ஒரே ஒரு ஒற்றை வரிப் பெட்டி இருந்தால் அதில் தட்டும் எண்டரை அனுப்பும் கட்டளையாக ஏற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதன் சாயல் இன்றும் நிற்கிறது: சப்மிட் பொத்தானே இல்லாத படிவத்தில் ஒரு பெட்டி இருந்தால் எண்டர் அதை அனுப்பும், இரண்டு பெட்டி இருந்தால் அனுப்பாது. நேற்று வரை சரியாக இருந்த படிவம் ஒரு பெட்டியை நீக்கியதும் தானாகப் போகத் தொடங்கிவிட்டது என்று சிலர் திகைப்பதன் காரணம் இதுதான்.

வாசகர், ராயபுரம்:

எங்கள் மருந்துக் கடையில் பார்கோடு ஸ்கேனரால் அட்டையைப் படித்தவுடனே, அளவை அடிப்பதற்குள் பில் போய்விடுகிறது. நான் எண்டரைத் தொடுவதே இல்லை.

பதில்:

ஸ்கேனர் தொடுகிறது. பெரும்பாலான ஸ்கேனர்களைக் கணினி ஒரு விசைப்பலகையாகவே பார்க்கிறது. எண்களைத் தட்டுவது போல அனுப்பிவிட்டு, முடிவில் எண்டரையும் அனுப்பும்படி அவை அமைக்கப்பட்டிருக்கும். ஸ்கேனரோடு வந்த கையேட்டில் அமைப்பை மாற்றுவதற்கான பார்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் எண்டருக்குப் பதிலாக டேப் என்று இருப்பதைப் படிக்கச் செய்தால், கர்சர் அளவுப் பெட்டிக்கு நகரும். அதே ஸ்கேனரை வேறு மென்பொருளிலும் பயன்படுத்துவதால் அமைப்பை மாற்ற இயலாது என்றால், பக்கத்தை எழுதியவரிடம் சொல்லி, பார்கோடு பெட்டியைப் பில் படிவத்துக்கு வெளியே தனிச் சிறு படிவமாக வைத்து, அதற்கென 'சேர்' என்ற சப்மிட் பொத்தானைக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஸ்கேனர் அனுப்பும் எண்டர் மருந்தைப் பட்டியலில் சேர்க்கும், பில்லைத் தொடாது. ஒரு படிவத்துக்குள் இன்னொரு படிவத்தை வைக்க எச்டிஎம்எல் இடம் தருவதில்லை என்பதால், இரண்டும் அருகருகே தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

வாசகர், பெரம்பூர்:

எங்கள் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில், ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழ்ப் பெயரைப் பெறும் முறையில், பரிந்துரைப் பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்க எண்டர் தட்டினால், பெயர் முழுமையாவதற்குள் கர்சர் அடுத்த பெட்டிக்கு ஓடிவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பதில்:

மணலி வாசகருக்குச் சொன்னது போல எண்டரால் அடுத்த பெட்டிக்கு நகர்த்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை உங்கள் படிவத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சொல் உருவாகிக்கொண்டிருக்கும் வேளையில் தட்டப்படும் எண்டர், தட்டச்சு முறைக்கு உரியது. பிரவுசர் தானாக அதைப் படிவத்தை அனுப்பும் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஸ்கிரிப்டின் காதில் அந்த எண்டர் விழுகிறது. விசை நிகழ்வில் ஈஸ்கம்போஸிங் என்ற பண்பு உண்மை என்று இருந்தால், ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்யாமல் விலகிவிட வேண்டும். சஃபாரி பிரவுசரில் சொல் முடிந்துவிட்டதாக முன்னரே அறிவிக்கப்பட்டு, அதன் பிறகே எண்டர் வந்து சேர்வதால், இந்தப் பண்பு மட்டும் போதாது. விசையின் எண் (கீகோட்), தட்டச்சு முறை கையாளும் விசையைக் குறிக்கும் 229 ஆக இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழில் பெயர் எழுத விரும்புபவரைப் படிவம் அலைக்கழிக்கக் கூடாது. இரண்டு நிபந்தனைகளைச் சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

வாசகி, தண்டையார்பேட்டை:

நான் நடத்தும் இணைய மையத்தில் பொதுமக்களுக்கு விண்ணப்பங்கள் பதிவு செய்து தருகிறோம். ஒரு தளத்தில் வாடிக்கையாளர் தம் கடவுச்சொல்லை அடித்து எண்டர் தட்டினால், உள்ளே போவதற்குப் பதிலாகக் கடவுச்சொல் திரையில் எல்லோரும் பார்க்கும்படி விரிந்துவிடுகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்களும் பார்க்கிறார்கள்.

பதில்:

கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படம், அதாவது அதைக் காட்டவும் மறைக்கவும் உதவும் பொத்தான், டைப் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. நிரல் வரிசையில் 'உள்நுழை' பொத்தானுக்கு முன்னால் அது வருவதால், எண்டர் அதைத்தான் அழுத்துகிறது. தளம் உங்களுடையது இல்லை என்பதால் திருத்தமும் உங்கள் கையில் இல்லை. தளத்தார் திருத்தும் வரை, கடவுச்சொல்லை அடித்ததும் எண்டர் தட்டாமல் 'உள்நுழை' பொத்தானை மவுஸால் சொடுக்கும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். மானிட்டரையும் வரிசையின் பக்கம் பார்க்காதபடி திருப்பி வையுங்கள்.

தளத்தாருக்கு எழுதும்போது 'தளம் சரியாக வேலை செய்யவில்லை' என்று பொதுவாக எழுதினால் கடிதம் மூலையில் கிடக்கும். 'கடவுச்சொல் பெட்டியில் எண்டர் தட்டினால், கடவுச்சொல்லைக் காட்டும் பொத்தான் இயங்குகிறது. அந்தப் பொத்தானுக்கு டைப் பண்பில் பட்டன் என்று சேர்க்க வேண்டும்' என்று இந்த வாக்கியத்தையே எழுதுங்கள், எந்தப் பிரவுசர் என்பதையும் குறிப்பிடுங்கள். படிக்கும் நிரலாளருக்குத் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். மேல் மூலையில் பெருக்கல் குறி வைத்த சிறு பெட்டிகளில், பெயரை அடித்து எண்டர் தட்டியதும் பெட்டியே மூடிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பெருக்கல் குறிப் பொத்தானிலும் பெரும்பாலும் இதே குறைதான்.

வாசகர், வியாசர்பாடி:

கைபேசி விசைப்பலகையில் எண்டர் இருக்கும் இடத்தில் 'அடுத்து' என்று வரவழைத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்:

தீராது. எண்டர்கீஹிண்ட் என்ற பண்பு அந்த விசையின் மேல் தெரியும் சொல்லையோ குறியையோதான் மாற்றும். விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே நிரலில் எழுத வேண்டும். 'தேடு' என்று காட்டும் விசை நிஜமாகவே தேட வேண்டும் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாசகர், காசிமேடு:

படகுகளுக்கு ஐஸ் அனுப்பும் கணக்கை இணையப் படிவத்தில் எழுதுகிறோம். விடியற்காலை அவசரத்தில் எண்டரை இரண்டு முறை தட்டிவிட்டால் ஒரே லோடு இரண்டு முறை பதிவாகிவிடுகிறது.

பதில்:

படிவம் புறப்பட்டதும் சப்மிட் பொத்தானைச் செயலிழக்கச் செய்யுங்கள். இயல்புப் பொத்தான் செயலிழந்திருந்தால் எண்டராலும் படிவம் போகக் கூடாது என்பது விதியிலேயே இருப்பதால், இது மவுஸையும் விசையையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும். இதைச் சொடுக்கும் நிகழ்வில் செய்யாமல், சப்மிட் நிகழ்வில் செய்யுங்கள். சொடுக்கும்போதே செயலிழக்கச் செய்தால் முதல் பதிவே போகாமல் நின்றுவிடும்.

ஆனால் துறைமுகப் பக்கம் சிக்னல் தடுமாறும் நேரத்தில், பதில் வராமல் பக்கத்தை மறுபடி ஏற்றுபவர்களை இது தடுக்காது. அதற்கு, படிவத்தைத் திறக்கும்போதே சர்வர் ஒரு தனி அடையாள எண்ணை மறைவான பெட்டியில் வைத்து அனுப்பட்டும். அதே எண்ணோடு இரண்டாம் முறை வரும் பதிவைச் சர்வர் சேர்க்காமல், முன்பே பதிவானதை எடுத்துக் காட்டட்டும். பதிவு முடிந்ததும் அதே பக்கத்தில் நிற்காமல், பதிவைக் காட்டும் வேறு முகவரிக்குப் பிரவுசரைத் திருப்பி அனுப்பினால், பக்கத்தை மறுபடி ஏற்றினாலும் படிவம் மீண்டும் போகாது. ஏற்கெனவே இரட்டிப்பான பதிவுகளைத் தேட, ஒரே படகு எண்ணும் ஒரே எடையும் ஒரே நிமிடமும் உள்ள வரிகளை வடிகட்டிப் பாருங்கள். அழிப்பதற்கு முன் படகுக்காரரின் சீட்டோடு ஒப்பிடுங்கள். உண்மையாகவே இரண்டு லோடு போயிருக்கலாம்.